அந்நிய முதலீடு வந்தால் உள்ளூர் கம்பெனிக்கு என்ன ஆகும்? கேள்வி பதில்

1989-க்குப் பிறகு சந்தைப் பொருளாதாரத்துக்கு மாறிய கிழக்கு ஐரோப்பிய நாடுகளைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பாதிப் பேர்தான் அந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறார்கள்.

வெளிநாட்டு நிறுவனம் வந்தால் உள்ளூர் கம்பெனிகள் அழிந்துவிடுமா?

அந்த உள்ளூர் கம்பெனி எங்கே நிற்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். அதே பொருளைச் செய்து விற்பவருக்கு அடி விழும். வாடிக்கையாளர்கள் கைமாறிப் போவார்கள். ஆனால் வாடகை, கரண்ட் பில், நிரந்தர ஊழியர் சம்பளம் எதுவும் குறையாது. உற்பத்தி குறையக் குறைய, ஒவ்வொரு உருப்படியின் தலையிலும் ஏறும் செலவு கூடும். பல்கேரியாவிலும் ருமேனியாவிலும் உள்ளூர் நிறுவனங்களின் உற்பத்தித்திறனில் பாதகமான விளைவையே பார்த்ததாகப் பொருளாதார ஆய்வாளர் யோசெஃப் கோனிங்ஸ் 2001-ல் எழுதினார். தொழில்நுட்பம் தானாகப் பக்கத்து ஆலைக்குக் கசிந்து வரும் என்று காத்திருந்தவர்களுக்கு இது கசப்பான செய்தி.

அப்படியானால் யாருக்குத்தான் லாபம்?

சரக்கு கொடுப்பவருக்கு. போட்டியாளருக்குத் தொழில் கற்றுக்கொடுக்க எந்த முதலாளிக்கும் ஆசை இருக்காது. ஆனால் சப்ளையரின் பாகம் சரியில்லை என்றால் அந்த முதலாளியின் உற்பத்தி லைனே நின்றுவிடும்.

செக் நாட்டில் கார்களுக்கு அலுமினிய வார்ப்படம் செய்த ஒரு கம்பெனியின் கதையைப் பொருளாதார ஆய்வாளர் பியாட்டா யாவோர்சிக் சொல்கிறார். முதல் பன்னாட்டு ஆர்டர் கிடைத்ததும், வாடிக்கையாளரின் ஆட்கள் மாதம் இரண்டு நாள் வந்து தரக்கட்டுப்பாட்டைச் சீர் செய்தார்கள். ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போகவில்லை, நீண்ட காலம் வந்தார்கள். கற்றதை அந்தக் கம்பெனி மற்ற வாடிக்கையாளர்களுக்கான லைன்களிலும் பயன்படுத்தியது, ரிஜெக்‌ஷன் குறைந்தது. லிதுவேனியாவின் நிறுவனத் தரவுகளை வைத்து 2004-ல் அவர் வெளியிட்ட ஆய்விலும் சப்ளையர் பக்கம்தான் பலன் தெரிந்தது.

வெளிநாட்டு முதலீடு நல்லதா, கெட்டதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

முடியாது. முதல் பதிலைப் படியுங்கள்.

செக் நாட்டின் கார் கம்பெனி ஸ்கோடாவை ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகனுக்கு விற்றது தவறில்லையா?

1991-ல் கொஞ்சம் பங்கில் ஆரம்பித்து, 2000-ல் முழுவதையும் வாங்கிக்கொண்டார்கள். பெயரும் ஆலையும் பிழைத்தன. ஆனால் ஒரு ஸ்கோடாவைக் காட்டி ஊருக்கே தீர்ப்பு எழுதாதீர்கள். இதை இன்னும் பலமுறை சொல்வேன்.

டுங்ஸ்ராமை ஏன் மறைக்கிறீர்கள்? 1896-ல் தொடங்கிய ஹங்கேரி பல்பு கம்பெனி. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் வாங்கியதும் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள்.

மறைக்கவில்லை, நீங்கள் முந்திக்கொண்டீர்கள். வேலை போனது உண்மை. ஆனால் அரசு ஆலைகளில் தேவைக்கு மேல் ஆள் இருப்பது அன்றைய வழக்கம். யார் வாங்கியிருந்தாலும் குறைத்திருப்பார்கள்.

"யார் வாங்கியிருந்தாலும்" என்பது சமாளிப்பு. 2022-ல் டுங்ஸ்ராம் திவால் நிலைக்குப் போனதே!

அதற்கு முன்பே, 2018-ல், ஜெனரல் எலக்ட்ரிக் அதை விற்றுவிட்டது. இடையில் எல்.இ.டி. வந்து பழைய பல்புத் தொழிலையே புரட்டிப் போட்டது. சரி, ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: முடிவெடுக்கும் மேஜை வேறு நாட்டில் இருந்தால், கடையைக் கட்டும் நாளையும் அங்கேதான் குறிப்பார்கள். போலந்தின் கார் கம்பெனி எஃப்.எஸ்.ஓ. இன்னும் பொருத்தமான உதாரணம். அதை எடுத்துக்கொண்ட கொரியாவின் டேவூ சில வருடங்களிலேயே கடனில் மூழ்க, வார்சா ஆலை தத்தளித்தது. வருகிறவரின் பணப்பையை மட்டும் பார்க்காமல் அவருடைய கடனையும் பாருங்கள்.

கூட்டு நிறுவனமா, 100 சதவீத அந்நிய உரிமையா?

லிதுவேனியா ஆய்வில் சப்ளையருக்கான பலன் உள்ளூர்ப் பங்கும் இருந்த நிறுவனங்களால்தான் வந்தது. உள்ளூர்க் கூட்டாளிக்கு எந்தப் பட்டறை எதைச் செய்யும் என்று தெரியும் என்பது ஒரு விளக்கம். ஒரு லிதுவேனியாவை வைத்தும் தீர்ப்பு எழுதாதீர்கள்.

ஸ்ரீபெரும்புதூர் பற்றி?

இந்தியா இந்த வகை நாடல்ல. வேறொரு நாள் பேசலாம்.

எந்த ஷேர் வாங்கலாம்?

தெரியாது.

கோவையில் ஃபவுண்டரி வைத்திருக்கிறேன். வெளிநாட்டு ஆர்டர் வந்தால் உள்ளூர் கம்பெனிகள் அழியுமா?

மறுபடியுமா! நீங்கள் சரக்கு கொடுக்கும் பக்கம் நிற்கிறீர்கள். ஆர்டரில் விலையோடு சேர்த்து, அவர்கள் ஆள் மாதம் எத்தனை நாள் உங்கள் பட்டறைக்கு வருவார் என்றும் எழுதி வாங்குங்கள்.