கதிர்வீச்சு மானி வாங்குகிறீர்களா? எதை அளக்க?

வீட்டுக்கும் அவசர காலத்துக்குமான கையடக்கக் கதிர்வீச்சு மானி பற்றி வந்த கடிதங்களுக்கே இந்த முறை இடம் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: வீட்டில் ஒரு கதிர்வீச்சு மானி இருப்பது நல்லது என்கிறார்கள். விளக்கமெல்லாம் வேண்டாம், சிறந்தது எது என்று ஒரே ஒரு பெயரைச் சொல்லுங்கள்.

பதில்: எதை அளக்க என்று நீங்கள் எழுதவில்லை. நோயைச் சொல்லாமல் மருந்து கேட்டால் யாரும் தர முடியாது. மற்ற கடிதங்களைப் படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. இணையத்தில் ‘கதிர்வீச்சு மானி’ என்று விற்ற கருவியை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். செல்போன், வைஃபை பெட்டி, குளிர்சாதனப் பெட்டி என எதன் அருகே கொண்டுபோனாலும் சிவப்பு விளக்கு எரிந்து அலறுகிறது. அம்மா கட்டிலைக் கூடத்தின் நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டு தூக்கமில்லாமல் கிடக்கிறார். வீட்டைக் காலி செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டாம். இன்று இரவே கட்டிலைப் பழைய இடத்தில் போடுங்கள்.

உங்களிடம் இருப்பது மின்காந்தப் புல மானி. மின்சாரம் ஓடும் கம்பியைச் சுற்றியுள்ள புலத்தையும் செல்போனின் ரேடியோ அலையையும் காட்டுவதுதான் அதன் வேலை. அந்த அலைகளுக்கு அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெறியும் வலு கிடையாது. அந்த வலு உள்ளவை எக்ஸ் கதிர், காமா கதிர், ஆல்பா, பீட்டா துகள்கள். அணு உலை விபத்து என்றதும் நம் மனதில் எழும் பயம் இவற்றைப் பற்றியது. அணு உலை விபத்தில் வெளிவரும் சீசியம் என்ற கதிரியக்கப் பொருளின் தூசி உங்கள் வாசற்படியில் படிந்திருந்தாலும் இந்தக் கருவி வாய் திறக்காது. குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்துத்தான் கத்தும்.

இரண்டுக்கும் ‘கதிர்வீச்சு’ என்ற ஒரே சொல் இருப்பதை வைத்து நடக்கும் இந்த வியாபாரத்தை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பயத்தை முதலில் விற்கிறார்கள், கருவியைப் பிறகு விற்கிறார்கள், அதற்கும் பிறகு பரிகாரத்தை விற்கிறார்கள். அந்தப் பரிகாரம் எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: செல்போன் அலையிலிருந்து காக்கும் என்று விற்கப்பட்ட பதக்கம், கண்மூடி, கைவளை உள்ளிட்ட 10 பொருட்களை அணியவே வேண்டாம் என்று நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம் 2021 டிசம்பரில் எச்சரித்தது. அவற்றிலிருந்து அசலான கதிரியக்கம் வெளிவந்துகொண்டிருந்தது. தீங்கற்ற அலைக்குப் பயந்தவர்கள், தீங்கு செய்யக்கூடியதை இரவும் பகலும் உடம்போடு ஒட்டி அணிந்திருந்தார்கள். அவற்றில் குழந்தைகளுக்கான கைவளையும் ஒன்று.

அசலைக் கண்டுபிடிக்க அலகைப் பாருங்கள். திரையில் மில்லிகாஸ், மைக்ரோடெஸ்லா, மீட்டருக்கு வோல்ட் என்று இருந்தால் அது மின்காந்தப் புல மானி. கதிர்வீச்சின் அளவைச் சொல்லும் சீவர்ட், ரான்ட்ஜென் அல்லது சிபிஎம் எனப்படும் நிமிட எண்ணிக்கை இருந்தால்தான் நாம் பேசும் கருவி. இன்னொரு சோதனையும் உண்டு. அசல் கெய்கர் கவுன்ட்டர், அதாவது வாயுக் குழாய்க்குள் பதிவாகும் கதிர்களை ஒவ்வொன்றாக எண்ணும் மானி, ஒருபோதும் முழுதாக ஓய்வதில்லை. ஒன்றுமே இல்லாத அறையில் வெறும் மேசைமேல் வைத்தாலும் சில விநாடிக்கு ஒருமுறை ‘டிக்’ என்னும். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாக வருவது அது. நடு வயலில் கொண்டுபோய் வைத்ததும் ஊமையாகிவிடும் கருவி வேறு வகை.

விவரிப்புக்கு மாறான பொருள் என்று காரணம் எழுதித் திருப்பி அனுப்புங்கள். அம்மாவிடம் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள். தவறு அவர்மீதும் இல்லை, உங்கள்மீதும் இல்லை.

கேள்வி: ஒரே அறையில் என் மானி 0.14 காட்டுகிறது, நண்பருடையது 14 காட்டுகிறது. எது பழுது?

பதில்: இரண்டும் சரி. உங்களுடையது மணிக்கு மைக்ரோசீவர்ட், அவருடையது மணிக்கு மைக்ரோரான்ட்ஜென். காமா கதிரைப் பொறுத்தவரை 100 மைக்ரோரான்ட்ஜென் ஏறத்தாழ 1 மைக்ரோசீவர்ட். 0.14 என்பது சாதாரண அளவு. நீண்ட தூர விமானம் உச்ச உயரத்தில் பறக்கும்போது அதே கருவி இதைப்போலப் பத்து, இருபது மடங்கு காட்டும். அதுவும் எதிர்பார்க்க வேண்டியதுதான். மைக்ரோவையும் மில்லியையும் மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஓர் எழுத்து மாறினால் ஆயிரம் மடங்கு மாறும்.

கேள்வி: அமெரிக்கக் குடிமைப் பாதுகாப்புத் துறையின் பழைய மஞ்சள் பெட்டி மானி ஏலத்துக்கு வந்திருக்கிறது. இரும்புபோல உறுதியாக இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: நான் வாங்கினேன். அதனால் விரிவாகச் சொல்கிறேன். என்னிடம் வந்தது சிடி வி-715. பேட்டரி போட்டு, குமிழைச் சோதனைக் குறிக்குத் திருப்பியதும் ஊசி கம்பீரமாக எழுந்து உரிய இடத்தில் நின்றது. கதிரியக்கம் உள்ள ரேடியம் பூசிய முள் கொண்ட பழைய அலாரக் கடிகாரம் ஒன்று வீட்டில் இருந்தது. அதை ஒட்டி வைத்தேன். ஊசி ஒரு மயிரிழைகூட அசையவில்லை. ஒரு மாதம் அதைப் பழுதென்று நினைத்து இணைப்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் முகப்பில் அச்சிட்டிருந்ததை ஒழுங்காகப் படித்தேன். அதன் மிகச் சிறிய அளவெல்லையே மணிக்கு 0.5 ரான்ட்ஜென் வரை, மிகப் பெரியது 500 வரை. ஊசி அந்தச் சிறிய அளவெல்லையின் கடைசிக் கோட்டைத் தொட வேண்டுமானால், வீட்டில் இயல்பாக இருப்பதைப்போல ஏறத்தாழ ஐம்பதாயிரம் மடங்கு கதிர்வீச்சு வேண்டும். அணுகுண்டு விழுந்தபின் வெளியே போகலாமா என்று பார்ப்பதற்காகச் செய்த கருவி அது. வீட்டுப் பொருளைச் சோதிக்கவோ துணியில் ஒட்டிய தூசியைத் தேடவோ உதவாது.

அதேபோன்ற மஞ்சள் பெட்டியில் வயரும் அதன் நுனியில் கையில் பிடிக்கும் உணரியும் தொங்கினால் அது சிடி வி-700. கெய்கர் குழாய் உள்ளது அதுதான். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் பணம் கொடுத்தது என் தவறு. ‘வேலை செய்கிறது, ஊசி எழுகிறது’ என்று மட்டும் சொல்லி விற்றவர் முக்கால்வாசி உண்மையை மறைத்தார். எந்த மாதிரியாக இருந்தாலும், அண்மையில் அளவு சரிபார்த்ததற்கான சான்று இல்லாமல் வாங்காதீர்கள்.

கேள்வி: காய்கறியிலும் குடிநீரிலும் கதிரியக்கம் உள்ளதா என்று கையடக்கக் கருவியால் பார்க்க முடியுமா?

பதில்: முடியாது. ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப்பின் 2012இல் ஜப்பான் பொதுவான உணவுகளுக்கு வகுத்த வரம்பு கிலோவுக்கு 100 பெக்கரெல் சீசியம் (விநாடிக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரெல்). அவ்வளவு சிறிய அளவு, அறையில் இயற்கையாக இருக்கும் ‘டிக் டிக்’குக்குள் மூழ்கிவிடும். ஈயக் கவசத்துக்குள் மாதிரியை வைத்து நெடுநேரம் எண்ணும் ஆய்வகத்தால்தான் சொல்ல முடியும்.

கேள்வி: ரேடான் வாயுவுக்கு?

பதில்: மண்ணிலிருந்து இயற்கையாகக் கசியும் அந்தக் கதிரியக்க வாயுவுக்கும் இது உதவாது. ரேடானுக்கென்றே தனிக் கருவியும், மாதக்கணக்கில் வீட்டில் வைத்துப் பின் ஆய்வகத்துக்கு அனுப்பும் சிறு டப்பியும் உண்டு. அவற்றை வாங்குங்கள்.

கேள்வி: மழை நின்றதும் மானியை மொட்டைமாடித் தரையில் வைத்தேன். அளவு இரு மடங்காகிவிட்டது. ஜன்னல்களையெல்லாம் மூடிவிட்டோம். எங்கோ கசிவா?

பதில்: ஜன்னல்களைத் திறங்கள். காற்றில் எப்போதும் இருக்கும் ரேடான் சிதைந்து ஈயம்-214, பிஸ்மத்-214 என்னும் குறுகிய ஆயுள் கதிரியக்க அணுக்களாகிறது. மழை அவற்றைக் கழுவிக் கீழே கொண்டுவருகிறது. நானும் ஒருமுறை மழை விட்டதும் காரின் கூரையைக் காகிதத் துணியால் துடைத்து, நான்காக மடித்து, மானியின் கெய்கர் குழாய்க்கு நேராக வைத்துப் பார்த்தேன். இடைவெளி விட்டு விழுந்துகொண்டிருந்த ‘டிக்’ ஓசை சடசடவென்று பொழிந்தது. அரை மணி நேரத்தில் ஏறக்குறைய பாதியாயிற்று. மூன்று மணி நேரம் கழித்து அது வெறும் ஈரக் காகிதம். நீங்களும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணிக்கையைக் குறித்துவையுங்கள். நாள் முழுவதும் இறங்கவே இல்லை என்றால்தான் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும்.

கேள்வி: அணுமின் நிலையத்துக்குச் சில கிலோமீட்டர் தள்ளி வீடு. அவசரத்துக்கென ஒரு கருவி வாங்க நினைக்கிறேன். என்னென்ன பார்க்க வேண்டும்?

பதில்: நோக்கத்தைச் சொல்லிக் கேட்டதற்கு நன்றி. முதலில் உச்ச அளவைப் பாருங்கள். அணு உலை வெடித்த 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில்லில் கைவசம் இருந்த மானிகளின் உச்சம் மணிக்கு 3.6 ரான்ட்ஜென். ஊசி கடைசிக் கோட்டில் முட்டி நின்றது, அந்த 3.6ஐயே உண்மை அளவு என்று மேலே அறிவித்தார்கள். நிலையத்துக்குள் இருப்பவரின் தேவை வேறு, உங்கள் தேவை வேறு. ஆனாலும், குறைந்தது மணிக்கு 10 மில்லிசீவர்ட் வரை அளக்காத கருவியை அவசரத்துக்கென்று நான் வாங்க மாட்டேன்.

அடுத்து, உச்சத்தைத் தாண்டினால் கருவி என்ன செய்யும் என்பதைக் கையேட்டில் தேடுங்கள். கெய்கர் குழாய் ஒவ்வொரு துகளை எண்ணியபின்னும் ஒரு கணம் செயலிழக்கிறது. கதிர்வீச்சு மிக வலுவாக இருந்தால் அந்தக் கணங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மலிவான கருவி குறைந்த எண்ணையோ பூஜ்யத்தையோ காட்டிவிடும். மிக ஆபத்தான இடத்தில் பூஜ்யம் காட்டும் கருவி, கருவியே இல்லாததைவிடக் கெடுதல். ‘அளவு மீறியது’ என்று தெளிவாக எச்சரிப்பதை மட்டும் வாங்குங்கள்.

மூன்றாவது, சேர்ந்த மொத்த அளவைக் கணக்கு வைக்கும் வசதியும் நீங்களே வரம்பு குறிக்கும் அலாரமும். நான்காவது, சாதாரண பேட்டரி. விபத்து நாளில் சார்ஜ் செய்ய மின்சாரம் இருக்காது. சீசியம்-137 கொண்டு அளவு சரிபார்த்த சான்றிதழ் இருந்தால் இன்னும் நல்லது.

வாங்கியதும் ஒரு வாரம் வீட்டுக்குள்ளும் வெளியிலும் அளந்து, இயல்பு அளவை ஒரு காகிதத்தில் எழுதிக் கருவியின் முதுகில் ஒட்டுங்கள். அந்த எண் தெரியாவிட்டால் அவசர நாளில் திரையில் வரும் எந்த எண்ணுக்கும் பொருளில்லை. வெளியே கொண்டுபோகும்போது மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டுங்கள். இல்லையென்றால் தூசி கருவியிலேயே படிந்து, போகும் இடமெல்லாம் அதையே அளப்பீர்கள். வீட்டுக்குள் போய்க் கதவை மூடுங்கள் என்று அறிவிப்பு வந்தால் மானியைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். முதலில் உள்ளே போங்கள்.

கேள்வி: மூன்று ஆண்டுக்கு முன் வாங்கியது, பெட்டியைப் பிரிக்கவே இல்லை. இப்போது திறந்தால் பேட்டரி ஒழுகி உள்ளே பச்சை பூத்திருக்கிறது. ரசீது இல்லை. நஷ்ட ஈடு கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. வாங்கிய அன்றே திறந்து பார்த்திருக்க வேண்டும், பேட்டரியைக் கழற்றி வைத்திருக்க வேண்டும், ரசீதைப் பத்திரப்படுத்தியிருக்க வேண்டும். அவசரத்துக்கென்று வாங்கிய பொருளை மூன்று ஆண்டு தொடாமல் வைத்துவிட்டு விற்றவரைக் குறை சொல்லாதீர்கள்.

கேள்வி: ஆல்பா, பீட்டா, காமா, எக்ஸ் கதிர் நான்கையும் அளக்கும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தது. பழைய கனிமக் கற்களைச் சேகரிப்பவன் நான், ஆல்பாவுக்காகவே வாங்கினேன். சந்தேகப்பட்டு மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு கண்ணாடிக் குழாய்தான் இருக்கிறது. திறந்துவிட்டதால் திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள்.

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். ஆல்பா துகளைத் தடுக்க ஒரு தாள் போதும், கண்ணாடிச் சுவரைத் தாண்டி அது குழாய்க்குள் நுழையவே முடியாது. ஆல்பா அளக்கும் குழாய்க்கு மெல்லிய மைக்கா தகட்டாலான ஜன்னல் இருக்கும், அதற்கு நேராகக் கருவியின் உடலிலும் திறப்பு இருக்கும். உங்கள் கருவி மூடியைத் திறப்பதற்கு முன்பே பொய்ச் சரக்கு. நீங்கள் திறந்ததால் அது மாறிவிடவில்லை.

பெட்டியில் அச்சிட்ட வாசகம், விற்பனைப் பக்கத்தின் விவரிப்பு, குழாய், அதன்மேல் உள்ள மாதிரி எண் ஆகிய நான்கையும் படம் எடுங்கள். விற்பனைப் பக்கத்தை இன்றே எடுங்கள், புகார் போனதும் மாற்றிவிடுவார்கள். ‘அறிவித்த திறன் இந்தப் பொருளுக்கு இல்லை’ என்ற ஒரே காரணத்தை எழுத்தில் அனுப்பிப் பதிலுக்கு நாள் குறியுங்கள். அட்டை மூலம் பணம் கட்டியிருந்தால், அதே படங்களோடு வங்கியிலும் பணத்தைத் திரும்பக் கோருங்கள். அங்கேயும் காலக்கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். எல்லாவற்றின் நகலையும் எனக்கும் அனுப்பிவையுங்கள். விற்றவருக்கு நானும் எழுதுகிறேன்.