மார்பகக் கட்டிக்கு எந்த சர்ஜனிடம் போவது?

கேள்வி: வயது 24. இடது மார்பில் கோலிக்குண்டு மாதிரி உருளும் கட்டி. ஊரில் ஜெனரல் சர்ஜன்தான் இருக்கிறார். அவர் போதுமா, சென்னைக்கு வர வேண்டுமா?

அவரே போதும், தாராளமாகப் போங்கள். எம்.எஸ். ஜெனரல் சர்ஜரி முடித்தவர்கள் மார்பக நோய்களையும் படித்துப் பயிற்சி எடுத்தவர்கள்தான். உங்கள் வயதில், விரலுக்குப் பிடிகொடுக்காமல் நழுவும் கட்டி பெரும்பாலும் ஃபைப்ரோஅடினோமா, புற்றுநோய் அல்ல. ஆனாலும் கையால் பார்ப்பது, ஸ்கேன், தேவைப்பட்டால் ஊசிப் பரிசோதனை என்ற வரிசையில் அவர் போகிறாரா என்று கவனியுங்கள். தொட்டுப் பார்த்த கையோடு "நாளைக்கு அட்மிட் ஆயிடும்மா, எடுத்துடலாம்" என்றால் கிளம்பி வந்துவிடுங்கள். சின்ன ஃபைப்ரோஅடினோமாவை எடுக்காமல், அவ்வப்போது ஸ்கேன் பார்த்துக்கொண்டே விட்டுவிடலாம்.

கேள்வி: அம்மாவுக்கு 52 வயது. ஊசி குத்தினால் நோய் பரவும், நேராக ஆபரேஷன் செய்யுங்கள் என்கிறார்கள் உறவினர்கள்.

ஊசி குத்துவதால் புற்றுநோய் பரவுவதில்லை. இந்தப் பயத்தால் நாள் கடத்தி வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது. உங்கள் அம்மாவுக்கு முதலில் மாமோகிராம் எனும் மார்பக எக்ஸ்ரே, பிறகு தடித்த ஊசியால் சதைத் துணுக்கு எடுக்கும் பயாப்ஸி. என்ன கட்டி என்று தெரியாமலே அறுத்து எடுத்துவிட்டு, அப்புறம் அது புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்தால், ஓரங்களில் மிச்சம் இருக்கிறதா என்ற குழப்பம், இன்னொரு ஆபரேஷன், தப்பான இடத்தில் போட்ட தையல் என்று எல்லாம் சேர்ந்துகொள்ளும். சில கட்டிகளுக்கு கீமோ கொடுத்துச் சுருக்கிய பிறகுதான் அறுவை செய்வோம், அந்த வாய்ப்பும் போய்விடும்.

கேள்வி: புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. சர்ஜனுக்கு அனுபவம் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நேராகவே கேளுங்கள். மாதத்துக்கு எத்தனை மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் செய்கிறீர்கள், மார்பை முழுசாக எடுக்காமல் கட்டியை மட்டும் எடுக்க முடியுமா, அக்குளில் முதல் நிணநீர் முடிச்சுகளை மட்டும் எடுத்துச் சோதிக்கும் வசதி உண்டா, கீமோ டாக்டரோடும் ரேடியேஷன் டாக்டரோடும் கலந்து பேசித்தான் முடிவெடுப்பீர்களா? கேட்டதற்குக் கோபப்படுகிறவர் உங்களுக்கு வேண்டாம். ஆரம்ப நிலையில் கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுத்தாலும், மார்பையே எடுத்தாலும் உயிர் பிழைப்பதில் வித்தியாசமில்லை. 20 ஆண்டுகள் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த அமெரிக்க, இத்தாலிய ஆய்வுகள் 2002-லேயே இதைக் காட்டிவிட்டன. எல்லோருக்கும் பொருந்தாதுதான், ஆனால் அந்தப் பேச்சையே எடுக்காத டாக்டர் என்றால் இன்னொருவரிடமும் கருத்துக் கேளுங்கள். எம்.சிஎச். சர்ஜிகல் ஆன்காலஜி, அதாவது புற்றுநோய் அறுவைக்கான மேல்படிப்பு, படித்தவர் பக்கத்தில் இருந்தால் நல்லது.

கேள்வி: குழந்தைக்கு 2 மாதம். மார்பு சிவந்து வீங்கி, காய்ச்சல்.

இன்றைக்கே போங்கள். சீழ் கட்டியிருந்தால் பல சமயம் ஸ்கேன் பார்த்து ஊசியாலேயே உறிஞ்சி எடுத்துவிடலாம், வெட்ட வேண்டியதில்லை. பாலை நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் கட்டிக்கொண்டு வலி கூடும். மருந்து சாப்பிட்டும் வீக்கம் வற்றவில்லை என்றால் பயாப்ஸி கேளுங்கள்.

கேள்வி: ஆண் டாக்டரிடம் காட்டக் கூச்சமாக இருக்கிறது. பணமும் இல்லை.

பெண் நர்ஸ் கூட இருக்கட்டும் என்று கேளுங்கள் அம்மா, அது உங்கள் உரிமை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் சர்ஜரி ஓ.பி.யில் பெண் சர்ஜன்களும் இருக்கிறார்கள். புற்றுநோய் என்றால் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு மருத்துவமனை இருக்கிறது, 1954-ல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மையமும் இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். பழைய ஸ்கேன், பயாப்ஸி ரிப்போர்ட், கண்ணாடி ஸ்லைடு எதையும் வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.