விரதம், குளிசை, பாறணை: கந்தசஷ்டிக்கு முன் கேட்ட கேள்விகள்

ஐப்பசி பிறந்தால் கிளினிக் வாங்கில் இருக்கிற அம்மாமாரின் கதை எல்லாம் விரதம்தான். கேதார கௌரி விரதம் அமாவாசையோடு முடிய, அடுத்த நாளே கந்தசஷ்டி தொடங்கும். இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறவர்கள் மட்டக்களப்புப் படுவான்கரையில் நிறையப் பேர். சீனி வருத்தக்காரரோடு (நீரிழிவு) 22 வருடம் வேலை செய்த தாதி நான். ஊர் வாசிகசாலையில் என்னிடம் கேட்டவற்றுக்கு இங்கே எழுதித் தருகிறேன்.

கல்லடியிலிருந்து ஒரு தங்கை: மிஸ், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆறு நாளும் மிளகும் தண்ணீரும்தான். உடம்புக்குள்ளே என்ன நடக்கும்?

முதல் நாள் உடம்பு ஈரலில் இருக்கிற இருப்பை எடுக்கும். அங்கே கிளைக்கோஜன் என்ற மாச்சத்து சுமார் 100 கிராம் இருக்கும். ஒரு நாளில் அது தீர்ந்துவிடும். தசையில் அதைவிடக் கூட இருக்கிறது, ஆனால் தசை அதைத் தனக்கு மட்டும்தான் செலவழிக்கும், இரத்தத்துக்கு விடாது.

அப்புறம் கொழுப்பு கரையும். ஈரல் அதைக் கீற்றோனாக மாற்றி மூளைக்கு அனுப்பும். இரண்டாம் மூன்றாம் நாளில் வாயில் பழம் புளித்த மாதிரி ஒரு வாசம் வருமே, அது இதனால்தான். மூன்றாம் நாளுக்குப் பிறகு பசியே தெரியவில்லை என்று விரதகாரர் சொல்வது உண்மை. கீற்றோன் கூடும்போது பசி அடங்கும்.

ஆனால் இரத்தத்தின் சிவப்பணுக்களுக்குக் குளுக்கோஸ் தவிர வேறு எதுவும் ஆகாது. அந்தக் குளுக்கோஸில் ஒரு பங்கைத் தசைப் புரதத்தை உடைத்துத்தான் ஈரல் செய்கிறது. முதல் சில நாட்களில் நாளொன்றுக்கு 75 கிராம் அளவு புரதம் இப்படிப் போகும். உங்கள் வயதில் அதை மீட்டுவிடலாம். 65 வயது அம்மம்மாவுக்குப் போன தசை இலேசில் திரும்பாது. மாடிப்படியிலும் கிணற்றடியிலும் அது தெரியவரும்.

இன்னொன்று, இன்சுலின் இறங்கும்போது சிறுநீரகம் உப்பை வெளியே விடும். எழும்பினால் கண் இருட்டுவது அதனால்தான். மெதுவாக எழும்புங்கள், தண்ணீரைக் குறைக்க வேண்டாம். கர்ப்பிணியும் பால் கொடுக்கிற தாயும் இந்த மிளகு விரதத்துக்குப் போகவே வேண்டாம்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு மகன்: அம்மாவுக்கு சீனி, பிரஷர் இரண்டும் இருக்கிறது. விரதத்திலும் குளிசையை மட்டும் விடமாட்டா. அது நல்லதுதானே?

இல்லை தம்பி, இந்த இடத்தில்தான் ஆபத்து.

சில வருடங்களுக்கு முன் சூரன்போர் அன்று பின்னேரம், கோயில் வீதியில் விழுந்த ஒரு அம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சேலை முழுக்க வேர்வையில் நனைந்திருந்தது, நெற்றித் திருநீறு கரைந்து கன்னத்தில் வழிந்திருந்தது. பேர் கேட்டால் வேறு ஏதோ சொல்கிறா. விரல் குத்திச் சீனி பார்த்தோம், 41 mg/dL. ஆறு நாளும் விடாமல் கிளிக்லசைட் என்ற சீனிக் குளிசையை மிளகுத் தண்ணீரோடு போட்டிருக்கிறா. பக்தியிலும் குறையில்லை, வைத்தியர் சொல்லிலும் குறையில்லை. இரண்டும் ஒன்றையொன்று அறியாமல் போனதுதான் பிழை.

கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் இரண்டும் நீங்கள் சாப்பிட்டீர்களோ இல்லையோ கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். மெட்போர்மின் தனியாக அப்படிச் சீனியை இறக்குவது அரிது. எம்பாகிளிஃப்ளோசின் என்ற சீனிக் குளிசை போடுகிறவர்களுக்கு வேறொரு ஆபத்து: மெஷினில் சீனி கிட்டத்தட்டச் சரியாகக் காட்டும்போதே கீற்றோன் கூடி இரத்தம் அமிலமாகலாம். சத்தி, வயிற்று நோ, மூச்சு வாங்குதல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிரஷர் குளிசையும், முக்கியமாகச் சலம் போகத் தருகிற குளிசை, உப்பும் நீரும் குறைந்த உடம்பை இன்னும் கீழே தள்ளும்.

எதையும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். விரதத்துக்கு இரண்டு கிழமைக்கு முன் கிளினிக் கொப்பியோடு போய், "அம்மா இத்தனை நாள் இப்படி விரதம் பிடிக்கப் போறா" என்று சொல்லுங்கள். அம்மாவுக்கு ஒருபொழுது போதும் என்பதே என் எண்ணம்.

சீனி இறங்கி, நினைவும் இருந்தால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். தெளிந்துவிட்டா என்று வீட்டுக்குக் கூட்டிப் போகாதீர்கள். கிளிக்லசைட் மாதிரிக் குளிசையின் வேலை முடியும்வரை சீனி திரும்பத் திரும்ப இறங்கும்.

காத்தான்குடியிலிருந்து ஒரு சகோதரர்: வாப்பா இன்சுலின் போடுகிறார். றமழானில் விரல் குத்திப் பார்த்தால் நோன்பு முறியும் என்கிறார்.

விரல் குத்துவதால் நோன்பு முறியாது என்று மார்க்க அறிஞர்களே சொல்லியிருக்கிறார்கள். பள்ளிவாசல் மௌலவியை ஒருதரம் வாப்பாவோடு கதைக்க வையுங்கள், நான் சொல்வதைவிட அது எடுபடும். 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ நேரம் பார்க்காமல் நோன்பை விட வேண்டும். நோயாளிக்குரிய சலுகை குர்ஆனிலேயே இருக்கிறது (2:184). எங்கள் பக்கம் நோன்பு 13 மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. இன்சுலின் அளவையும் நேரத்தையும் முன்கூட்டியே மாற்றி எழுதித் தருவார்கள். சஹரை (விடியமுன் சாப்பாட்டை) தவறவிட்டு நோன்பு பிடிக்க விடாதீர்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து: போன வருடம் ஆறு நாளில் 5 கிலோ குறைந்தது, பத்து நாளில் 4 கிலோ திரும்பி வந்தது. பாறணைக்கு மூன்றாம் நாள் சீனி பார்த்தால் 190! விரதம் சீனியைக் கூட்டுமா?

போனதில் பெரும்பங்கு தண்ணீர். ஒரு கிராம் கிளைக்கோஜன் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும், இரண்டும் சேர்ந்து போய்ச் சேர்ந்து வரும்.

190ஐக் கண்டு பயப்பட வேண்டாம். பல நாள் கொழுப்பில் ஓடிய தசை, திடீரென்று வருகிற சோற்றுச் சீனியை உடனே வாங்காது. குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனைக்கு முன் மூன்று நாள் வழக்கம்போலச் சாப்பிடச் சொல்வதும் இதற்காகத்தான். இரண்டு கிழமை கழித்துத் திரும்பப் பாருங்கள். அப்போதும் கூட இருந்தால் அது விரதத்தின் வேலை அல்ல.

திருக்கோவிலிலிருந்து ஒரு தம்பி: ஒருவர் 382 நாள் சாப்பிடாமல் இருந்தாராம். பட்டினி கிடந்தால் செல் தன்னையே சுத்தம் செய்யும், நோபல் பரிசும் கொடுத்திருக்கிறார்கள் என்று வீடியோவில் சொல்கிறார்கள்.

இரண்டும் நடந்தவைதான். ஸ்கொட்லாந்துக்காரர் ஆங்கஸ் பார்பியெரி 1965இல் தொடங்கி 382 நாள் இருந்தார். 207 கிலோவிலிருந்து 82 கிலோவுக்கு வந்தார். வைத்தியர்கள் இரத்தமும் சலமும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், விற்றமினும் பொற்றாசியமும் கொடுத்தார்கள். வீடியோக்காரர் அதை விட்டுவிடுகிறார். உங்களுடைய 62 கிலோவில் அவரிடம் இருந்த இருப்பு இல்லை தம்பி.

2016இல் யொஷினோரி ஓசுமிக்கு நோபல் கிடைத்தது செல் தன்னையே சுத்தம் செய்வதைப் பற்றி ஈஸ்ட் செல்லில் செய்த ஆய்வுக்கு. மனிதர் இத்தனை மணி நேரம் பட்டினி கிடந்தால் இந்த நன்மை என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. சீனி வருத்தம் பின்வாங்குவது எடை குறைவதால். பிரித்தானியாவில் 2017இல் வெளிவந்த டிரெக்ட் ஆய்வில் நாளுக்கு 850 கலோரி அளவில் சத்துணவு கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் 46 வீதமானவர்களின் சீனி, குளிசை இல்லாமலே நீரிழிவு அளவுக்குக் கீழே வந்தது. வெறும் தண்ணீர் குடித்து வந்த பலன் அல்ல அது.

ஆரையம்பதியிலிருந்து ஒரு அக்கா: பாறணைக்கு என்ன சமைக்கலாம்?

இதை ஒருவரும் கேட்காமல் விட்டுவிடுவார்களோ என்று இருந்தேன். ஐந்து நாளுக்கு மேல் ஒன்றும் சாப்பிடாதவர் திடீரென்று வயிறு நிறையச் சாப்பிடுவது ஆபத்து என்று மருத்துவம் எல்லை போட்டு வைத்திருக்கிறது. கந்தசஷ்டி ஆறு நாள். சோறும் பாயாசமும் ஒரேயடியாக உள்ளே போனால் இன்சுலின் குதிக்கும். இரத்தத்திலுள்ள பொஸ்பேற்று, பொற்றாசியம், மக்னீசியம் எல்லாம் செல்லுக்குள் இழுபடும், தயமின் என்ற விற்றமினும் தீரும். இதயத் துடிப்புத் தவறலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்து சிறை முகாம்களிலிருந்து மீண்டவர்கள் சாப்பிடத் தொடங்கிய பிறகு இறந்ததைப் பார்த்துத்தான் இதை அறிந்தார்கள்.

அதனால் விடிய ஒரு கோப்பை கஞ்சி, தவிட்டோடு இருக்கிற சிவப்பரிசியில், பயறு போட்டு, சிட்டிகை உப்போடு. இரண்டு மணி நேரம் கழித்து ஒரு வாழைப்பழம், கொஞ்சம் தயிர். மத்தியானம் ஒரு பிடி சோறு, பருப்பு, கீரை. முதல் இரண்டு நாள் வழக்கமான சாப்பாட்டில் பாதிக்கு மேல் வேண்டாம். இலையில் பாயாசம் வைத்தால் ஒரு கரண்டி, வடை அடுத்த நாளைக்கு. கால் வீங்கினாலோ நெஞ்சு படபடத்தாலோ வீட்டில் காத்திருக்க வேண்டாம்.

சூரன்போர் அன்று பின்னேரம் எங்கள் கோயில் தெற்கு வீதியில் மேசை போட்டு இருப்பேன். மெஷினும் சீனித் தண்ணீரும் வைத்திருப்பேன். தலை சுற்றினால் மரத்தடியில் படுத்துவிடாமல் அங்கே வாருங்கள்.