நாற்பது வீட்டுக் காணியும் அடுத்த வளவுக் கிணறும்

வவுனியா நகரை அண்டிய ஊர்களில் வளவுகள் துண்டு துண்டாகி, நெருக்கமாக வீடுகள் எழுகின்றன. உள்ளூராட்சி சபையொன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் பலர் என்னிடம் கேட்கிறார்கள். சில கேள்விகளும் பதில்களும்:

ஐயா, எங்கள் ஒழுங்கையில் 2 ஏக்கர் காணியில் 40 வீடு வரப்போகிறதாம். ஊரே கையெழுத்து வைத்து மகஜர் கொடுத்தால் நிற்குமா?

மகஜரால் மட்டும் நிற்காது. என் மேசைக்கு ஒருமுறை 200 பேரின் பெயருடன் மகஜர் வந்தது. பாதிக் கையெழுத்து ஒரே பேனை, ஒரே சாய்வு. காரணம் என்று பார்த்தால் "ஊர் கெட்டுவிடும்" என்று ஒரு வரி. கோப்பில் போட்டு மூடினேன்.

கணக்கைப் பாருங்கள். 2 ஏக்கர் என்றால் 320 பேர்ச். வீட்டுத் துண்டுக்குப் பொதுவான ஆகக் குறைந்த அளவு 150 சதுர மீற்றர், ஏறக்குறைய 6 பேர்ச். 40 துண்டுக்கு 240 பேர்ச் போனாலும் 80 மிஞ்சும். ஆகவே 40 என்ற எண்ணோடு மல்லுக்கட்டாதீர்கள். அந்த 80 பேர்ச்சில் பாதை எவ்வளவு அகலம், மழைத் தண்ணீர் எந்த வாய்க்காலுக்கு, எந்த மதகுக்குப் போகிறது என்று கேளுங்கள்.

எங்கள் கிணறு அந்த எல்லையோடு இருக்கிறது. 40 மலசலகூடக் குழிகள் வந்தால் என்ன ஆகும்?

எடுபடக்கூடிய காரணம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். வவுனியாப் பக்கம் மேல்மண்ணுக்குக் கீழே கருங்கல். தண்ணீர் அந்த மண்ணிலும் பாறை வெடிப்புகளிலும்தான் நிற்கிறது. ஆவணியில் கிணறு அடிகாணும். மார்கழியில் தண்ணீர் கிணற்றுக் குந்திலிருந்து கை எட்டும் தூரத்துக்கு வந்துவிடும். நிலம் அப்படி நிறைந்திருக்கும்போது குழித் தண்ணீர் ஊறிப்போக இடமேது? அயல் கிணற்றுக்குள்தான் வரும்.

கயிற்றில் கல்லைக் கட்டி, முழத்துக்கொரு முடிச்சுப் போட்டு, கோடையிலும் மாரியிலும் நீர்மட்டத்தை அளந்து திகதியோடு கொப்பியில் எழுதி வையுங்கள். கட்டடம் வருமுன்பே கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்து அறிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு, தனித்தனிக் குழிகளுக்குப் பதிலாகப் பொதுவான கழிவுநீர்ச் சுத்திகரிப்பு வேண்டும் என்று சபைக்கும் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் எழுதுங்கள். இது வந்தால் ஒப்பந்தக்காரரின் செலவு ஏறும். வீடுகளின் எண்ணிக்கை தானாக இறங்கும்.

வரைபடத்தைக் காட்ட மறுக்கிறார்களே?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும்.

சுற்றாடல் தாக்க மதிப்பீடு கேட்கலாமா?

வீடமைப்பில் 1000 வீடுகளுக்கு மேற்பட்டால்தான் அது கட்டாயம். 40க்கு அதைக் கேட்டு நாளைக் கழிக்க வேண்டாம்.

காணியின் பின்பாதி வயல். கிரவல் கொட்டி நிரவுகிறார்கள்.

அப்படியானால் இன்றைக்கே கமநல சேவை நிலையத்துக்குப் போங்கள். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதியின்றி நெற்காணியை நிரப்புவது குற்றம். டிப்பர் நிற்கும்போதே படம் எடுங்கள். நிரவி ஒரு மாரி போய்விட்டால் அது வயலாக இருந்ததற்கு நீங்கள்தான் சாட்சி தேட வேண்டிவரும்.

இன்னொன்று: காணி உறுதிப் பத்திரம் உள்ள தனியார் காணியா, அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணியா என்று பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். குடியேற்றத் திட்டங்களில் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணியை நினைத்தபடி பிரித்து விற்க முடியாது.

கண்டவர் நிண்டவரெல்லாம் வந்து குடியேறுவார்களே, அதையும் எழுதலாமா?

எழுதாதீர்கள். 2009இல் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் தறப்பாளுக்குக் கீழே கால் நீட்ட இடமின்றிக் கிடந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? வாடகை வீட்டில் இருக்கும் இளம் குடும்பத்துக்கு 6 பேர்ச்தான் கட்டுப்படியாகும். கிணற்றைப் பற்றி நீங்கள் எழுதிய பத்து நல்ல வரிகளையும் அந்த ஒரு வரி கெடுத்துவிடும்.

அத்திவாரம் வெட்டத் தொடங்கிவிட்டார்கள். இனி?

அங்கீகரித்த வரைபடம் இருக்கிறதா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். இல்லையென்றால் வேலையை நிறுத்தும்படி சபைக்குப் பதிவுத் தபாலில் எழுதி, பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். இருந்தால் சட்டத்தரணியிடம் போகத்தான் வேண்டும். அவர் முதலில் கேட்கப்போவதும் அந்தக் கிணற்றுக் கொப்பியைத்தான்.