ஆறரை மணிக்கு மேல் கோட்டும் டையும்: மேக்கினா தீவுக்கு எதை எடுத்துப் போவது?

கேள்வி: கல்யாணமாகி 20 வருடம் ஆகிறது. செப்டம்பர் கடைசியில் மிச்சிகனில் உள்ள மேக்கினா தீவின் கிராண்ட் ஹோட்டலில் இரண்டு இரவு தங்கப் போகிறோம். மாலை 6:30க்கு மேல் ஆண்கள் கோட்டும் டையும் போட்டே ஆக வேண்டுமாம். கணவரிடம் இருப்பது ரிசப்ஷனுக்குத் தைத்த பளபளா கோட் ஒன்றுதான். பழைய அமெரிக்கக் கல்லூரிப் படங்களில் வரும் பிரெப்பி உடை என்றால் அவருக்கு உயிர். செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா? மெட்ராஸ் செக் கோட்தான் வேண்டும் என்று வேறு அடம்பிடிக்கிறார். நான் பட்டுப்புடவை கட்டலாமா?

பதில்: நேவி ப்ளூ கம்பளி பிளேசர் ஒன்று வாங்குங்கள், செகண்ட் ஹேண்டிலேயே வாங்குங்கள். பளபளா கோட் வீட்டிலேயே இருக்கட்டும், அதற்கு வேறு வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

அந்த ஹோட்டல் 1887இல் திறந்தது. முன்தாழ்வாரம் மட்டும் 660 அடி நீளம், வரிசையாக வெள்ளை நாற்காலிகள், சிவப்பு ஜெரேனியம் பூந்தொட்டிகள். தீவில் 1898லேயே மோட்டார் வண்டிகளைத் தடை செய்துவிட்டார்கள், இன்றும் குதிரை வண்டியும் சைக்கிளும்தான். இவ்வளவு அலங்காரம் ஏற்கெனவே இருக்கிற இடத்துக்கு நாமும் அலங்காரமாகப் போனால் மாறுவேடப் போட்டிக்கு வந்த மாதிரி ஆகிவிடும். பிரெப்பி பாணிக்கு அழகே அலட்டிக்கொள்ளாமல் இருப்பதுதான். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் படித்த பிரெபரேட்டரி பள்ளிகளிலிருந்து வந்த பெயர் அது. அப்பாவின் கோட்டை மகன் போடுவான், சட்டைக் காலர் நைந்தாலும் தூக்கிப் போட மாட்டார்கள். அதனால் பழைய கோட் இங்கே குறையே இல்லை, பொருத்தம்தான்.

எதைத் தேடுவது? பழைய அமெரிக்க வெட்டில் தோளில் பஞ்சு அதிகம் இருக்காது, முன்பக்கம் துணியை இடுப்போடு ஒட்டிப் பிடிக்கும் டார்ட் என்ற மடிப்புத் தையலும் இருக்காது, கொஞ்சம் சாக்குப்பை மாதிரி நேராக விழும். பெயரே சாக் ஜாக்கெட்தான். புரூக்ஸ் பிரதர்ஸ் (1818இல் தொடங்கிய கடை), ஜே. பிரெஸ் (1902, யேல் பல்கலைக்கழகத்துப் பக்கத்தில்) இரண்டும் இதற்குப் பேர்போனவை. மூன்று பட்டன் இருக்கும், ஆனால் மேல் பட்டன் லேப்பல் (காலருக்குக் கீழே மார்பில் திரும்பி விழும் பகுதி) மடிப்புக்குள்ளே சுருண்டு போய்விடும், நடு பட்டனை மட்டும் போட வேண்டும். மூன்றையும் போட்டுக்கொண்டு தாழ்வாரத்தில் நின்றால் ஹோட்டலின் சீருடைப் பணியாளர் என்று நினைத்து யாராவது பெட்டியைக் கையில் கொடுப்பார்கள்.

லேபிளில் இருக்கும் அளவை நம்பாதீர்கள். நான் ஒருமுறை 40 என்று போட்டிருந்ததை ஆன்லைனில் வாங்கினேன், வந்து சேர்ந்ததும் போட்டுக் கையைத் தூக்கினால் முதுகுத் தையல் படபடவென்று விட்டுக்கொடுத்தது, இத்தனைக்கும் என் வழக்கமான அளவும் 40தான். இங்கேதான் அந்த ரிசப்ஷன் கோட் உதவும். அதைக் கட்டிலில் விரித்து, முதுகுப் பக்கம் ஒரு தோள் தையலிலிருந்து மறு தோள் தையல் வரை, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை, காலருக்குக் கீழிருந்து அடி விளிம்பு வரை, இந்த மூன்றையும் இஞ்ச் டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள் (அது இப்போதும் அவருக்குச் சரியாக இருந்தால் மட்டும், 20 வருடத்தில் நம் எல்லோருக்கும் என்ன ஆகும் என்று தெரியும்!). விற்பவரிடம் இதே மூன்று அளவையும் கேளுங்கள். கை நீளம், இடுப்பு இரண்டையும் டெய்லர் சரிசெய்துவிடுவார். தோளில் கை வைப்பது கிட்டத்தட்ட கோட்டையே பிரித்துத் தைப்பது, வாங்கிய விலையைவிடக் கூலி அதிகமாகும். தோள் சரியில்லையா, எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள்.

கடையில் நேரில் பார்த்தால் இரண்டு சோதனை. கோட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள், அந்துப்பூச்சி அரித்த ஊசித்துளைகள் தெரியும். அப்புறம் கீழ் பட்டன் துளைக்குக் கொஞ்சம் கீழே வெளித்துணியை ஒரு கையாலும் உள் லைனிங்கை ஒரு கையாலும் கிள்ளி இழுத்துப் பாருங்கள். நடுவில் மூன்றாவதாக ஒரு துணி தனியாக நழுவினால் உள்ளே கேன்வாஸ் வைத்துத் தைத்தது, ரொம்ப நாள் உழைக்கும். நழுவாமல் வெளித்துணியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பசை வைத்து ஒட்டியது, நாலு டிரை வாஷுக்குப் பிறகு மார்பில் கொப்புளம் கிளம்பலாம். பாச்சை உருண்டை வாசனை ஒரு நாளில் போகாது, நிழலில் காற்றாட ஒரு வாரமாவது தொங்க வேண்டும், அதனால் இப்போதே தேடத் தொடங்குங்கள்.

மற்றதெல்லாம் சுலபம். சாம்பல் நிற ஃபிளானல் பேன்ட், வெள்ளை பட்டன்-டவுன் சட்டை (காலர் நுனிகளிலும் பட்டன் இருக்கும்), கோடு போட்ட டை, லேஸ் இல்லாத பழுப்பு லோஃபர் ஷூ. டையில் ஒரு வேடிக்கை: ஆங்கிலேய ரெஜிமென்ட் (படைப்பிரிவு) டைகளில் கோடு இடது தோளிலிருந்து வலப்பக்கம் இறங்கும், அமெரிக்கர்கள் அதைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். அவர் எதை வேண்டுமானாலும் கட்டட்டும்.

இனி மெட்ராஸ். உங்கள் கணவருக்கு நம்ம ஊர் பெயர் மேல் இருக்கும் பாசம் புரிகிறது. நம்ம கைலிக் கட்டம்தானே, கடல் கடந்து போய் ஐவி லீக் (யேல் மாதிரியான பெரிய பல்கலைக்கழகங்கள்) பையன்களின் கோடைக் கோட்டாகிவிட்டது. 1958இல் ஓர் அமெரிக்க இறக்குமதியாளர் அந்தத் துணியை வாங்கிப் போய் புரூக்ஸ் பிரதர்ஸுக்கு விற்றார், குளிர்ந்த நீரில் தனியாகத்தான் அலச வேண்டும் என்பதைக் கடைக்குச் சொல்லாமல். சாயம் கன்னாபின்னாவென்று ஓடிப் பெரிய ரகளை. கடைசியில் சாயம் போவதுதான் இதன் சிறப்பே, ஒவ்வொரு அலசலுக்கும் புது நிறம் என்று அதையே விளம்பரமாக்கி விற்றுத் தீர்த்தார்கள். அந்தத் துணியை இங்கிருந்து கொடுத்தவர் கண்ணூர்க்காரரான கேப்டன் கிருஷ்ணன் நாயர், பின்னாளில் லீலா ஹோட்டல்களைத் தொடங்கியவர்! ஆனால் மெட்ராஸும் சீர்சக்கர் என்ற சுருக்கம் விழுந்த கோடைப் பருத்தியும் செப்டம்பர் முதல் திங்களான லேபர் டேக்குப் பிறகு பெட்டிக்குள் போய்விடும் என்பது அங்கே பழைய வழக்கம், தவிர செப்டம்பர் கடைசியில் ஏரிக்காற்று அந்த மெல்லிய பருத்தியைத் துளைத்துக்கொண்டு போகும். பிடிவாதமாக இருந்தால் மெட்ராஸ் டை ஒன்று வாங்கிக் கொடுங்கள், பகலில் கட்டிக்கொள்ளட்டும்.

நீங்கள் தாராளமாகப் பட்டுப்புடவை கட்டுங்கள். மாலை விருந்துக்கு அதைவிட முறையான உடை அந்தக் கூடத்தில் இருக்கப்போவதில்லை. அகலமான ஜரிகை வேண்டாம், பிளேசருக்குப் பக்கத்தில் சின்ன பார்டர் காஞ்சிபுரம்தான் எடுபடும். ஒரு கம்பளிச் சால்வை, நாலு சேஃப்டி பின். ராத்திரி தெருவில் நடக்கிற மாதிரி இருந்தால் மட்டும் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். ஊர் முழுக்கக் குதிரைகள், சாணம் அள்ள ஆள் இருந்தாலும் எப்போதும் ஒரு குதிரை முந்திக்கொள்ளும்.