வாயில் வருகிற பதில் தாளில் வரவில்லையே!

கேள்வி: வேப்பனப்பள்ளி பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். ஒரு பையன் மனக்கணக்கில் கெட்டி, கேட்ட கதையை அப்படியே திருப்பிச் சொல்வான். ஆனால் ‘கொய்யா’ என்று எழுதிப் போட்டால் திணறுகிறான். பத்து முறை எழுத வைத்தும் பலனில்லை. வீட்டில் தெலுங்கு என்பதால்தான் இப்படி என்கிறார்கள் மற்ற ஆசிரியர்கள். என்ன செய்யலாம்?
- ஓர் ஆசிரியை, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: உங்கள் வகுப்பில் தெலுங்கு வீட்டுப் பிள்ளைகள் வேறு சிலரும் இருப்பார்களே, அவர்கள் வாசிக்கிறார்களா? அவர்கள் வாசித்து, இவன் மட்டும் நின்றுவிட்டான் என்றால் வீட்டு மொழியைக் குறை சொல்ல முடியாது. முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அவை சரியாக இருந்தால் டிஸ்லெக்சியாவாக, அதாவது வாசிக்கவும் எழுதவும் திணற வைக்கும் கற்றல் குறைபாடாக, இருக்க வாய்ப்புண்டு. அறிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பத்து முறை எழுத வைப்பதை இன்றே விட்டுவிடுங்கள். பார்த்து எழுதும்போது கை மட்டும்தான் வேலை செய்கிறது.

நீங்கள் சொன்ன ‘கொய்யா’விலேயே சிக்கல் இருக்கிறது. ‘கொ’வில் கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, வாயோ நடுவில் இருக்கிற எழுத்தின் ஒலியை முதலில் சொல்கிறது. நமக்குப் பழகிவிட்டது, அவனுக்கு இது பெரிய குழப்பம். அதனால் கொம்பு எழுத்துகளைக் கடைசியில் எடுங்கள். முதலில் படம், மரம். அப்புறம் பால், காகம். கொம்பு வரும்போது கொம்பையும் காலையும் ஒரு நிறத்திலும் மெய்யை வேறு நிறத்திலும் அட்டைகளில் எழுதிக் கொடுங்கள், அவனே நகர்த்திச் சேர்க்கட்டும். மணலில் விரலால் எழுதினால் ஒலியை வாய்விட்டுச் சொல்லியபடியே எழுத வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் படம் வரைவதுதான். ன, ண இரண்டையும் ஒரே வாரத்தில் எடுக்க வேண்டாம். தினமும் பத்து நிமிடம் போதும், ஆனால் தனியாக. எல்லோர் முன்னாலும் எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள்.

அறிவியல், சமூக அறிவியல் பாடங்களை வாய்மொழியாகக் கேட்டு மதிப்பெண் போடுங்கள். சலுகை என்று யாராவது முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

வட்டார வள மையத்தின் சிறப்பு ஆசிரியரிடம் இவனைப் பற்றிச் சொல்லிவையுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்க்கப்பட்டிருக்கிறது. எட்டு வயது முடிந்த பிள்ளைக்குச் சான்றிதழ் கேட்கலாம். அது கையில் இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஓர் ஆளும் கேட்க வழியுண்டு. சான்றிதழ் வரட்டும் என்று பாடத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

பெற்றோரிடம் பேசும்போது எடுத்த எடுப்பில் குறைபாடு என்று தொடங்கினால் பயந்துவிடுவார்கள். பையனின் மனக்கணக்கை முதலில் சொல்லுங்கள். தெலுங்கிலேயே சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது.