போனில் விரியாத மெனு

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் சிறிய விடுதி நடத்துகிறோம். அறை பதிவு செய்யும் இணையதளத்தை நானே செய்தேன். மெனுவுக்கு ஒரு ஜேகுவரி பிளகின் (jQuery என்ற ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்போடு சேர்ந்து ஓடும் துணை நிரல்) போட்டிருக்கிறேன். கணினியில் ‘சுற்றிப் பார்க்க’ என்பதன் மேல் மவுஸை வைத்தால் புறாத்தீவு, கன்னியா வெந்நீரூற்று, கோணேசர் கோயில் எல்லாம் விரிகின்றன. போனில் தொட்டால் அவற்றைக் காட்டாமல் நேரே வேறு பக்கத்துக்குப் போய்விடுகிறது. வேறு பிளகின் தேடவா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஜேகுவரி வந்தது 2006இல், முதல் ஐபோன் 2007இல். அந்தக் காலத்து மெனு பிளகின்கள் மவுஸை நம்பி எழுதப்பட்டவை. மவுஸ் மேலே வந்தால் திற, விலகினால் மூடு, அவ்வளவுதான். விரலோ பட்டும் படாமலும் மேலே நிற்காது. பட்டால் அது கிளிக். ஐபோன் சஃபாரி மட்டும் சில வேளை முதல் தொடுகையை மவுஸ் வந்ததாக எடுத்துக்கொள்ளும். அதனால் ஒருவர் போனில் திறக்கும், இன்னொருவர் போனில் திறக்காது. ஆளைக் குழப்புவதே இதுதான்.

உண்மையான சிக்கல், ‘சுற்றிப் பார்க்க’ ஒரு லிங்க்காக இருப்பது. ஒரு பக்கத்துக்கும் போகவேண்டும், உள்மெனுவையும் திறக்கவேண்டும் என்று ஒரே சொல்லிடம் இரண்டு வேலை கேட்கிறீர்கள். அதைப் பட்டனாக மாற்றுங்கள். அந்தப் பக்கம் தேவையென்றால் உள்மெனுவின் முதல் வரியாக வையுங்கள். பட்டனைக் கிளிக் செய்தால் திறக்கவேண்டும், மறுபடி கிளிக் செய்தால் மூடவேண்டும். கூடவே, மெனு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று குறிக்கும் ‘ஏரியா எக்ஸ்பாண்டட்’ (aria-expanded) மதிப்பும் மாறவேண்டும், பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அதைத்தான் படித்துச் சொல்லும். பெரும்பாலான பிளகின்களில் மவுஸுக்குப் பதில் கிளிக் என்று மாற்ற ஓர் அமைப்பு இருக்கும். இல்லாவிட்டால் பிளகினையே எடுத்துவிடுங்கள். இந்த வேலைக்குப் பத்துப் பதினைந்து வரி ஜாவாஸ்கிரிப்ட் போதும்.

இன்னொன்று. உள்மெனுவை, பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் எப்போதும் மறைத்து வைத்திருக்கிறீர்களா? சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில் ஸ்கிரிப்ட் இறங்காமல் போனால், அந்த லிங்க்குகள் யாருக்கும் கிடைக்காது. மெனு முதலில் சாதாரணப் பட்டியலாகத் தெரியட்டும். ஸ்கிரிப்ட் ஓடிய பிறகு அதுவே மெனுவில் ஒரு கிளாஸை, அதாவது சிஎஸ்எஸ் அடையாளம் காணும் ஒரு பெயரைச் சேர்க்கட்டும். அந்த கிளாஸ் இருந்தால் மட்டும் மறைக்கும்படி எழுதுங்கள்.

சரி, மாற்றியபின் மெனு அடியோடு நின்றுவிட்டால்? பிரவுசரில் பிழைச் செய்திகள் வரும் கன்சோலைத் திறந்து பாருங்கள். பிளகினின் பெயரைச் சொல்லி ‘இஸ் நாட் எ ஃபங்ஷன்’ (is not a function) என்றால், பெரும்பாலும் ஜேகுவரி இரண்டு தடவை ஏறியிருக்கும். இரண்டாவது வந்து முதலாவதை மூடிவிடும், அதில் ஒட்டியிருந்த பிளகினும் போய்விடும். பதிவுப் படிவத்துக்கென்று யாராவது இன்னொரு பிரதியைச் சேர்த்தார்களா என்று தேடுங்கள்.

அப்புறம் மொழி. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் வைத்திருப்பீர்கள். மெனுவின் அகலத்தை ஆங்கிலத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ‘கன்னியா வெந்நீரூற்று’ பாதியில் உடையும். தமிழில் சரியாக நின்றால் ஆங்கிலம் தானாக நிற்கும். மொழி மாற்றும் பட்டனை எந்த உள்மெனுவுக்குள்ளும் ஒளிக்கவேண்டாம். தெரியாத மொழியில் மாட்டிக்கொண்டவர் தேடுவது அதைத்தான்.